சத்தமில்லாத பாட்டில்: கூந்தல் எண்ணெய்க்கும் ஷாம்புவுக்கும் எளிய பேக்கிங் செய்யும் முழு வழி

மளிகைக் கடையில் கூந்தல் எண்ணெய் அடுக்கியிருக்கும் தட்டைப் பாருங்கள். முழங்கால் வரை முடி தொங்கும் ஒரு பெண், பக்கத்தில் செம்பருத்திப் பூ, கற்றாழை மடல், கல் உரல், இவை எல்லாவற்றையும் சுற்றித் தங்க நிற வளையம், ஓரத்தில் '100% இயற்கை' என்று ஒரு முத்திரை. கம்பெனி பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்வது கஷ்டம். அந்தக் கூட்டத்துக்கு நடுவே வெள்ளை லேபிளில் பெயரும் அளவும் மட்டும் போட்ட பாட்டில் ஒன்று இருந்தால் கண் அங்கேதான் போய் நிற்கும்.

இதைப் பார்த்துவிட்டுப் பல சிறு தயாரிப்பாளர்கள் "நாமும் இப்படிச் செய்துவிடலாம், டிசைன் செலவும் மிச்சம்" என்று இறங்குகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வெள்ளை லேபிள் எண்ணெய் ஊறி மஞ்சளாகியிருக்கும், விலை யாருக்கும் படிக்க வராது, ஷாம்புவுக்கும் கண்டிஷனருக்கும் வித்தியாசம் தெரியாமல் வாடிக்கையாளர் போன் செய்வார். எளிய பேக்கிங்கில் குறையை மறைக்கப் பூவும் இல்லை, தங்க வளையமும் இல்லை. அதனால் வேலை கூடுமே தவிரக் குறையாது.

வீட்டிலோ சிறு கூடத்திலோ கூந்தல் எண்ணெய், சீயக்காய்த் தூள், ஷாம்பு தயாரித்து விற்பவர்களுக்கும், உரிமம் உள்ள இன்னொரு தொழிற்சாலையில் தயாரிக்கச் சொல்லித் தன் பெயரில் விற்பவர்களுக்கும் இந்த வழிகாட்டி.

முதலில்: இது ஏன் எடுபடுகிறது?

1987-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் டென்னிஸ் பஃபிடிஸ் என்ற முடிதிருத்தும் கலைஞர் தொடங்கியதுதான் ஈசாப் என்ற அழகுசாதன பிராண்ட். பழுப்பு பாட்டில், இரண்டு நிற லேபிள், பொடி எழுத்து. மருந்துக்கடைக்காரர் எழுதிக் கொடுத்தது மாதிரி ஒரு தோற்றம். 2023-இல் லோரியால் அதை இரண்டரை பில்லியன் டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. 2016-இல் கனடாவின் டொராண்டோவிலிருந்து வந்த தி ஆர்டினரி என்ற சருமப் பராமரிப்பு பிராண்ட் வேறு வழியில் போனது. உள்ளே இருக்கும் வேதிப்பொருளின் பெயரையும் சதவீதத்தையுமே சரக்கின் பெயராக வைத்தது. நம் நாட்டில் ஜெய்ப்பூரில் 2020-இல் தொடங்கிய மினிமலிஸ்ட் அதே பாதையில் வந்து முடிக்கான சீரமும் விற்கிறது. 2025 தொடக்கத்தில் இந்துஸ்தான் யூனிலீவர் அதன் 90 சதவீதத்துக்கும் மேலான பங்கை வாங்குவதாக அறிவித்தது.

மூன்றிலும் வெறும் வெள்ளை இடம் விற்கவில்லை. ஈசாப் ஒரு முடிதிருத்தகத்தின் கைத்தொழில் நம்பிக்கையை விற்றது. மற்ற இரண்டும் "உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது" என்ற தகவலை முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தன. வாங்குபவர் மனதில் ஓடும் கணக்கு இதுதான்: படம் காட்டாமல் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறான் என்றால் சரக்கில் ஏதோ இருக்க வேண்டும். அந்தத் தைரியத்துக்குப் பின்னால் உங்களிடம் சொல்ல ஒன்றும் இல்லையென்றால் எளிய லேபிள் வெறும் காலி லேபிள்தான்.

இன்னொரு காரணம் குளியலறை. கடையில் சத்தம் போட்ட பாட்டில் வீட்டுக்கு வந்த பிறகும் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் தினமும் கண்ணில் படும் பொருளைக் கொஞ்சம் அடக்கமாக வைத்துக்கொள்ளத்தான் பலருக்கும் பிடிக்கிறது.

படி 1: எந்த எளிமை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

எளிய பேக்கிங் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு விஷயங்கள் சுற்றுகின்றன. பார்வைக்கு எளிமை, பொருளில் சிக்கனம் (குறைவான பிளாஸ்டிக், குறைவான அட்டை), அடக்க விலையில் சிக்கனம். மூன்றும் ஒன்றாக வரும் என்று நினைப்பதில்தான் கோளாறு ஆரம்பிக்கிறது.

தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்புவைச் சின்ன பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று காட்டினார். வெல்வெட் ஷாம்பு அப்படி வந்தது. அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலீட்டில் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். அந்த நிறுவனம்தான் பிற்பாடு கெவின்கேர் ஆனது. ஒரு தலைக்குளியலுக்கு வேண்டிய அளவு, நகத்தால் கிழித்தால் போதும், சில்லறைக் காசு விலை. பாட்டில் இல்லை, மூடி இல்லை, அட்டைப் பெட்டி இல்லை. அந்த வகையில் பார்த்தால் சிக்கனமான பேக்கிங்தான். ஆனால் அந்த பாக்கெட் பல அடுக்குப் படலம். அடுக்குகளைப் பிரிக்க முடியாததால் மறுசுழற்சிக்குப் பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை. பார்வைக்கும் அது எளிமை இல்லை, சரம் சரமாகத் தொங்கும் பளபளப்பு.

எதிர்ப்பக்கம், கனமான கண்ணாடி பாட்டில், மூங்கில் மூடி, உள்ளே கிடக்கும் காகிதத் துணுக்கு, அதற்கு மேல் ஒரு கெட்டி அட்டைப்பெட்டி. பார்த்தால் அவ்வளவு அமைதி. தூக்கிப் பார்த்தால் எண்ணெயைவிடப் பேக்கிங் எடை அதிகம். மூங்கில் மூடிக்கு உள்ளே திருகுவது பெரும்பாலும் பிளாஸ்டிக் மூடியேதான் என்பது உபரித் தகவல்.

ஆக, மூன்றில் எது உங்களுக்கு முதன்மை என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் டிசைனருக்கும் அச்சகத்துக்கும் நடுவில் இழுபறி வரும்போது அந்தத் தாள்தான் தீர்ப்புச் சொல்லும். பொருள் சிக்கனம்தான் உங்கள் நோக்கம் என்றால் முதல் வேலையாக வெளி அட்டைப்பெட்டியை எடுத்துவிடுங்கள். எண்ணெய் பாட்டிலுக்கு அது பெரும்பாலும் தேவையே இல்லை. கூரியருக்கு வேண்டிய பாதுகாப்பை அனுப்பும் பெட்டி கொடுத்துவிடும். திடமான ஷாம்பு கட்டி செய்பவர்களுக்கு இன்னும் வசதி, பாட்டிலே வேண்டாம், ஓர் அட்டை உறை போதும். என்ன, நம் ஊர்க் குளியலறை ஈரத்தில் கட்டி கரைந்து கூழாகிவிடும். தண்ணீர் வடியும் தட்டில் வைக்கச் சொல்லி உறையிலேயே ஒரு வரி போடுங்கள்.

படி 2: உள்ளே இருப்பதைப் பார்த்துப் பாட்டிலைத் தேர்ந்தெடுங்கள்

பாரிமுனைப் பக்கம் பாட்டில் கடைகளில் போய் நின்றால் அழகான பாட்டில்கள் ஆளை மயக்கும். அதற்கு முன் உங்கள் சரக்கைப் பற்றிச் சில கேள்விகளுக்குப் பதில் வேண்டும்.

தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24, 25 டிகிரியில் உறையத் தொடங்கும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் பெங்களூருவின் மார்கழிக்கும் அனுப்பப் போகிறீர்கள் என்றால் ஒல்லிக் கழுத்து, சொட்டு மூடி எல்லாம் வேலைக்காகாது. விரல் நுழையும் அகல வாய் அல்லது பிதுக்கக்கூடிய மெல்லிய பாட்டில் வேண்டும். விளக்கெண்ணெய் அதிகம் சேர்த்த கலவை கெட்டியாக இருக்கும், பம்ப் திணறும். நல்லெண்ணெய், பாதாம் எண்ணெய் வகைகள் வெளிச்சம் பட்டால் தேங்காய் எண்ணெயைவிடச் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். இவற்றுக்கு ஆம்பர் எனப்படும் பழுப்புக் கண்ணாடி நல்லது, புற ஊதாக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடும்.

ஒளி ஊடுருவும் பாட்டில் எளிய பேக்கிங்கின் செல்லப்பிள்ளை. எண்ணெயின் நிறமே அலங்காரம், வேறு படம் வேண்டாம். ஆனால் கரிசலாங்கண்ணி காய்ச்சிய எண்ணெய் எல்லாப் பேட்சிலும் ஒரே பச்சையாக வராது. போன மாதம் கரும்பச்சை, இந்த மாதம் இளம்பச்சை என்றால் "கலப்படமா?" என்று கேட்பார்கள். அடியில் படியும் வண்டலும் தெரியும். நிறத்தைச் சீராக வைத்திருக்க முடியாதவர்கள் ஒளி புகாத பாட்டிலுக்குப் போவது மேல். இல்லையென்றால் "இலைச்சாற்றைப் பொறுத்து நிறம் மாறும்" என்று லேபிளில் சொல்லிவிடலாம். எனக்கு இந்த இரண்டாவது வழி பிடிக்கும்.

பழுப்பு பாட்டிலில் இன்னொரு சிக்கல். நம் வீடுகளில் அது இருமல் மருந்து பாட்டில். குழந்தைகளும் கண் மங்கிய பெரியவர்களும் இருக்கும் வீட்டில் பழுப்பு பாட்டில், வெள்ளை லேபிள், கறுப்பு எழுத்து சேர்ந்தால் ஆபத்து. 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்ற வரியைப் பின்பக்க மூலையில் ஒளிக்காமல் முன்பக்கத்திலேயே தமிழில் போடுங்கள். மருந்து பாட்டில் மூடி மாதிரி இல்லாத மூடியாகவும் பாருங்கள்.

கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்ற விவாதத்தில் நான் பிளாஸ்டிக் பக்கம், அதுவும் எண்ணெய்க் கையோடு ஈரத் தரையில் நின்று எடுக்கும் பொருளுக்கு. பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 இருந்தால் பெட் வகை பிளாஸ்டிக், 2 இருந்தால் எச்.டி.பி.ஈ. வகை. இரண்டையும் காயலான் கடையில் வாங்கிக்கொள்வார்கள். அந்த வசதியைக் கெடுப்பது நாம் மேலே ஒட்டுவதுதான். பெட் பாட்டிலைச் சுற்றிப் பி.வி.சி. ஷ்ரிங்க் ஸ்லீவ், அதாவது சூட்டில் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை, போட்டால் இரண்டும் தண்ணீரில் மூழ்கும், ஆலையில் பிரிப்பது கஷ்டம். பம்ப்புக்குள் பெரும்பாலும் எஃகு ஸ்பிரிங் இருக்கும், அதையும் பிரிப்பது தொல்லை. ஆழ்ந்த கறுப்பு பாட்டில் பார்க்கக் கம்பீரம்தான், ஆனால் கரிச்சாயம் சேர்த்த பிளாஸ்டிக்கை அகச்சிவப்புக் கதிர் வைத்துப் பிரிக்கும் இயந்திரங்களால் அடையாளம் காண முடிவதில்லை. எண்ணெய்க்குச் சாதாரண ஃபிளிப் டாப் மூடி, அதாவது விரலால் தட்டித் திறக்கும் மூடி, போதும். ஷாம்புவுக்கும் 200 மில்லி வரை பம்ப் தேவையில்லை.

வடிவத்தையும் அழகை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பாரசூட் தேங்காய் எண்ணெய் தகர டின்னிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறியபோது கடைக்காரர்கள் தயங்கினார்கள். அதற்கு முன் வந்த சதுர பிளாஸ்டிக் டப்பாக்களை எலி கடித்துக் கடையெல்லாம் எண்ணெயான அனுபவம் அவர்களுக்கு இருந்தது. பாரசூட்டைத் தயாரிக்கும் மாரிக்கோ நிறுவனம் எலிப் பல்லுக்குப் பிடி கிடைக்காத உருண்டை பாட்டிலைச் செய்து, அதை எலிகளோடு கூண்டில் வைத்துச் சோதித்து, அதைக் கடைக்காரர்களிடம் காட்டித்தான் நம்ப வைத்தது. இன்று நாம் பார்க்கும் அந்த நீல உருண்டை பாட்டிலும் எளிய வடிவம்தான்.

படி 3: சட்டம் கேட்கும் வரிகளை முதலில் எழுதுங்கள்

பெரும்பாலானோர் முன்பக்கத்தை அழகாக வரைந்துவிட்டு, கடைசியில் சட்ட வரிகளைக் கிடைத்த சந்தில் திணிப்பார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். தவிர்க்கவே முடியாததை முதலில் எழுதி, அது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்த பிறகு மிச்சத்தை யோசியுங்கள்.

இந்தியாவில் விற்கும் கூந்தல் பொருளுக்கு முக்கியமாக இரண்டு விதித்தொகுப்புகள். ஒன்று, 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகள். தயாரித்தவர் அல்லது பேக் செய்தவரின் பெயர், முகவரி, பொருளின் பொதுப்பெயர், நிகர அளவு, தயாரித்த மாதம், ஆண்டு, எல்லா வரிகளும் சேர்ந்த எம்ஆர்பி, ஒரு மில்லிக்கு அல்லது ஒரு கிராமுக்கு என்ன விலை என்ற அலகு விலை, புகார் சொல்லத் தொலைபேசி, மின்னஞ்சல். இவை அதில் வரும். இரண்டாவது, 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகள். பேட்ச் நம்பர், தயாரிப்பு உரிம எண், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும், சேர்மானங்கள், தேவையான எச்சரிக்கை இவை அதில் வரும். சேர்மானங்களை அதிகத்திலிருந்து குறைவு என்ற வரிசையில் எழுத வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் குறைவாகவும் உள்ளவற்றைக் கடைசியில் எந்த வரிசையிலும் போடலாம். மூலிகை மருந்து என்ற வகையில் ஆயுஷ் உரிமத்தோடு விற்பவர்களுக்கு விதிகள் வேறு.

இதில் எளிய டிசைனுக்கு நேரடியாக மோதும் இடங்கள் சில உண்டு.

அளவும் விலையும் பின்னணியிலிருந்து பளிச்சென்று வேறுபட்ட நிறத்தில் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. வெள்ளையில் வெளிர் சாம்பல், பழுப்பு அட்டையில் கொஞ்சம் கூடுதல் பழுப்பு என்ற நவநாகரிகமெல்லாம் இங்கே செல்லாது. எழுத்து உயரத்துக்கும் பொட்டலத்தின் அளவைப் பொறுத்து அட்டவணை இருக்கிறது. இப்போது நடப்பில் உள்ள அட்டவணையைப் பார்த்து, டிசைனரிடம் மில்லிமீட்டரில் எழுதிக் கொடுங்கள். 'சின்னதா, நீட்டா' என்று சொன்னால் அவர் கணினித் திரையில் நீட்டாகத் தெரிவதைத்தான் கொடுப்பார்.

நிகர அளவைச் சுற்றிக் காலி இடம் விடச் சொல்வதும் இதே விதிகள்தான். மேலும் கீழும் எண்ணின் உயரத்துக்குச் சமமான இடம், இடமும் வலமும் அதைப்போல் இரண்டு மடங்கு. எண் 4 மி.மீ. உயரம் என்றால் மேலே கீழே 4, பக்கங்களில் 8 மி.மீ. வேறு எழுத்தே இருக்கக் கூடாது. எளிய டிசைன்காரர்கள் கேட்காமலே செய்யும் காரியத்தைச் சட்டமும் கேட்கிறது. 'சுமார் 100 மி.லி.', 'குறைந்தது 100 மி.லி.' என்ற பேச்சுக்கும் இடமில்லை.

மொழி இன்னொன்று. கட்டாய வரிகள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம். அதாவது தமிழ் மட்டும் போட்ட சுத்தமான லேபிள் என்ற ஆசை முழுசாக நிறைவேறாது. நல்ல வழி, முன்பக்கத்தைத் தமிழுக்குக் கொடுத்துவிட்டுப் பின்பக்கத்தை விதிப்படி ஆங்கிலத்தில் நிரப்புவது. பொதுப்பெயரும் அளவும் மட்டும் இரண்டு மொழியிலும் வரும்.

லேபிளில் எழுதும் ஒரு சொல் சரக்கின் ஜாதகத்தையே மாற்றும் என்பதற்குத் தேங்காய் எண்ணெய் வழக்கே சாட்சி. சின்ன பாட்டிலில் வரும் சுத்தத் தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, கூந்தல் எண்ணெயா என்று சேலம் வரித்துறை தொடர்பான மேல்முறையீட்டில் தொடங்கிய சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. பாட்டில் சின்னது என்பதால் மட்டும் அது கூந்தல் எண்ணெய் ஆகிவிடாது, பேக்கிங்கும் லேபிளும் கூந்தலுக்கு என்று காட்ட வேண்டும் என்று 2024 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அப்போது சமையல் எண்ணெய்க்கு 5 சதவீத வரி, கூந்தல் எண்ணெய்க்கு 18. 2025 செப்டம்பர் 22 முதல் கூந்தல் எண்ணெய்க்கும் ஷாம்புவுக்கும் 5 சதவீதமாகிவிட்டதால் அந்த இடைவெளி போய்விட்டது. ஆனாலும் 'சுத்தத் தேங்காய் எண்ணெய்' என்று மட்டும் எழுதி எதற்கு என்று சொல்லாமல் விடும் எளிமை வேண்டாம். எதற்கு என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

கியூஆர் குறி போட்டுவிட்டால் எல்லாவற்றையும் அதற்குள் தள்ளிவிடலாம் என்று ஒரு நினைப்பு. காய்ச்சும் முறை, கதை, வீடியோ எல்லாம் தாராளமாகத் தள்ளுங்கள். மேலே சொன்ன கட்டாய வரிகள் பாட்டிலிலேயே இருக்க வேண்டும்.

படி 4: முன்பக்கத்துக்கு எழுதுங்கள், அப்புறம் வெட்டுங்கள்

100 மில்லி உருண்டை பாட்டில் ஏறக்குறைய 44 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 138 மி.மீ. வரும். நேராகப் பார்ப்பவர் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிவது அதில் மூன்றில் ஒரு பங்குதான், 45 மி.மீ. சொச்சம். ஓரங்களில் இருப்பது வளைந்து போய்விடும். உங்கள் முன்பக்கம் என்பது இரண்டு விரல் அகலம் என்று மனதில் வையுங்கள்.

இப்போது லேபிளில் போட நினைத்த அத்தனையையும் எழுதுங்கள். சாதாரணமாக இப்படி இருக்கும்: 'பாரம்பரிய முறையில் பாட்டி கைப்பக்குவத்தில் காய்ச்சிய 100% இயற்கையான 21 மூலிகைகள் அடங்கிய, முடி உதிர்வை உடனடியாக நிறுத்தி அடர்த்தியாக வளரச் செய்யும் ஆயுர்வேத கூந்தல் தைலம்.'

ஒவ்வொரு சொல்லையும் பிடித்து இரண்டு கேள்வி கேளுங்கள். இது உண்மை என்று என்னால் காட்ட முடியுமா? பக்கத்து பாட்டிலும் இதையே சொல்கிறதா? 'முடி உதிர்வை உடனடியாக நிறுத்தி' முதல் கேள்வியிலேயே விழும். அழகுசாதன உரிமத்தில் விற்கும் பொருள் நோய் தீர்ப்பதாகச் சொல்லக் கூடாது. மருந்துகளே கூடப் புது முடி வளரச் செய்வதாகச் சொல்லக் கூடாது என்று மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணையில் இருக்கிறது. 'ஆயுர்வேத' என்பது உரிமம் இருந்தால் மட்டும். 'பாரம்பரிய', 'இயற்கை', 'பாட்டி' மூன்றும் இரண்டாவது கேள்வியில் விழும். எல்லோருடைய பாட்டியும் காய்ச்சியிருக்கிறார்.

மிஞ்சுவது இவ்வளவுதான்:

செம்பருத்தி, கரிசலாங்கண்ணி
தேங்காய் எண்ணெயில் காய்ச்சிய கூந்தல் எண்ணெய்
100 மி.லி.

மேலே உங்கள் பெயர். அவ்வளவே. சொல்லத் தகுந்த ஓர் எண் இருந்தால் அதைச் சேர்க்கலாம், உதாரணமாக ஒரு லிட்டர் எண்ணெய்க்கு எத்தனை கிராம் பச்சை இலை என்று. மூலிகை 21 என்று எண்ணிக்கையைச் சொல்வதைவிட இரண்டு மூலிகையை அளவோடு சொன்னால் நம்பிக்கை அதிகம் வரும். ஆனால் அந்த அளவை ஒவ்வொரு பேட்சிலும் கடைப்பிடிக்க வேண்டும், நினைவிருக்கட்டும்.

படி 5: எழுத்து, நிறம், தாள்

தமிழ் எழுத்துக்கு ஆங்கிலத்தைவிட உயரம் அதிகம் தேவை. 'கூந்தல்' என்ற சொல்லில் 'கூ'வின் கால் கீழே இறங்கும், 'ந்'-இன் புள்ளி மேலே ஏறும். ஆங்கிலத்துக்குப் போடும் அளவையே போட்டால் தமிழ் பொடியாகத் தெரியும், வரிகள் ஒன்றோடொன்று இடிக்கும். வரி இடைவெளியைத் தாராளமாக விடச் சொல்லுங்கள். மெல்லிய கோட்டு எழுத்துரு திரையில் நேர்த்தியாக இருக்கும், அச்சில் புள்ளிகள் காணாமல் போகும். நடுத்தரத் தடிமன் எடுங்கள். ஒரே எழுத்துரு, இரண்டே அளவு. மூன்றாவது அளவு வேண்டும் என்று தோன்றினால் சொற்கள் அதிகம் என்று அர்த்தம்.

நிறம் குறைந்தால் செலவு குறையுமா? அச்சு முறையைப் பொறுத்தது. பாட்டிலின் மேலேயே ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன், தனி ஓட்டம். ஒரு நிறம் என்றால் நிச்சயம் மிச்சம். சிறு எண்ணிக்கைக்கு டிஜிட்டலில் ஸ்டிக்கர் அடித்தால் ஒரு நிறமும் நாலு நிறமும் ஏறக்குறைய ஒரே காசு. மேட் லேமினேஷன், பனி படர்ந்த மாதிரி பாட்டில், பிரத்யேக மூடி இவையெல்லாம் எளிமையாகத் தெரிந்துகொண்டே செலவை ஏற்றும்.

தாள் விஷயத்தில் உறுதியாக இருங்கள். பழுப்பு கிராஃப்ட் தாள் படத்தில் அழகு. எண்ணெய்க் கை பட்ட இடமெல்லாம் திட்டுத் திட்டாகக் கறுத்துவிடும். எண்ணெய் பாட்டிலுக்குப் பி.பி. எனப்படும் பிளாஸ்டிக் படல லேபிள்தான் சரி. சிவகாசியோ உங்கள் ஊர் அச்சகமோ, எங்கே கொடுத்தாலும் 'எண்ணெயும் தண்ணீரும் படும்' என்று சொல்லிப் பசையையும் அதற்குத் தகுந்ததாகக் கேளுங்கள். சீயக்காய்த் தூள், ஷாம்பு கட்டி போன்ற உலர் சரக்குக்குக் கிராஃப்ட் தாராளமாகப் போடலாம்.

வெறுமையான லேபிளில் ஒட்டும் கோணல் அப்பட்டமாகத் தெரியும். பூவும் கொடியும் இருந்த லேபிள் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரே ஒரு கோடு இருக்கும் லேபிள் சாய்ந்தால் பாட்டிலே சாய்ந்த மாதிரி இருக்கும். கையால் ஒட்டுபவர்கள் கிடைமட்டக் கோடுகளையும் கட்டங்களையும் தவிர்த்துவிடுங்கள். ஒட்டுவதற்கு ஒரு மரச்சட்டம் செய்து வைத்துக்கொண்டால் புண்ணியம்.

படி 6: கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் தெரிகிறதா?

ஷாம்புவும் கண்டிஷனரும் ஒரே பாட்டில், ஒரே நிறம், ஒரே எழுத்து. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி அழகு. தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, கண்ணில் நுரையோடு கையை நீட்டுபவருக்கு எது எது என்று எப்படித் தெரியும்? எளிய பேக்கிங் அதிகம் தோற்பது இங்கேதான், டிசைன் பரிசு வாங்கிய பாட்டில்கள் உட்பட.

ஜப்பானின் காவோ நிறுவனம் 1991-இல் இதற்கு ஒரு வழி கண்டது. ஷாம்பு பாட்டிலின் பக்கவாட்டில் வரிசையாகச் சிறு மேடுகள், கண்டிஷனர் பாட்டிலில் எதுவும் இல்லை. தடவினாலே தெரிந்துவிடும். பார்வையற்றவர்களை மனதில் வைத்துச் செய்தது, தலைகுளிக்கும் எல்லோருக்கும் பயன்பட்டது. மற்ற நிறுவனங்களும் பின்பற்ற வழிவிட்டதால் அந்த நாட்டில் அதுவே வழக்கமானது. பிற்பாடு அமெரிக்காவில் ஹெர்பல் எஸன்ஸஸ் ஷாம்புவுக்குக் கோடுகளும் கண்டிஷனருக்குப் புள்ளிகளும் வைத்தது.

உங்களால் பாட்டிலுக்குத் தனி மோல்டு போட முடியாது. வேண்டியதில்லை. ஒன்றுக்கு ஃபிளிப் டாப், மற்றதற்குத் திருகு மூடி. அல்லது ஒன்றுக்கு உருண்டை, மற்றதற்குத் தட்டை. அல்லது கண்டிஷனரைத் தலைகீழாக நிற்கும் டியூபில் போடுங்கள். குறைந்தபட்சம் மூடியின் நிறத்தையாவது மாற்றி, 'ஷாம்பு', 'கண்டிஷனர்' என்ற சொல்லை உங்கள் பிராண்ட் பெயரைவிடப் பெரிதாக அடியுங்கள். பிராண்ட் பெயர் வாங்கும்போது ஒரு தடவை வேண்டும். இந்தச் சொல் ஒவ்வொரு குளியலுக்கும் வேண்டும்.

படி 7: அச்சுக்குப் போகும் முன் படுத்தி எடுங்கள்

அச்சகம் கொடுக்கும் ப்ரூஃபை (மாதிரி அச்சை) உண்மையான பாட்டிலில் ஒட்டி, உண்மையான எண்ணெயை ஊற்றி ஆரம்பியுங்கள்.

எண்ணெய்க் கையால் லேபிளைத் தேய்த்துவிட்டுக் குளியலறையில் ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். ஓரம் தூக்குகிறதா, மை கரைகிறதா என்று தெரியும். எண்ணெய் நிரப்பி மூடி, படுக்கப் போட்டு வெயிலில் வையுங்கள். சித்திரை வெயிலில் பார்சல் வண்டிக்குள் நடப்பது இதுதான். வாயோரம் கசிந்தால் மூடிக்கு உள்ளே இன்டக்ஷன் சீல், அதாவது பாட்டில் வாயில் சூட்டால் ஒட்டும் படலம், தேவை. வீட்டிலேயே வயதான ஒருவரிடம் கண்ணாடி இல்லாமல் கொடுத்து விலையைப் படிக்கச் சொல்லுங்கள், உதவாதீர்கள்.

விற்கப்போகும் இடத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும். மளிகைக் கடை என்றால் தெரிந்த கடைக்காரரிடம் சொல்லி அந்தக் கூட்டத்துக்கு நடுவே வைத்து ஆறடி தள்ளி நின்று பாருங்கள். ஆன்லைன் என்றால் போனில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை பாட்டில் காணாமலே போய்விடும். மூடிக்கு நிறம் கொடுத்தால் அது மட்டுமாவது தெரியும். தெரியாத நாலு பேரிடம் "இது என்ன, என்ன விலை இருக்கும்?" என்று கேளுங்கள். எளிய தோற்றம் விலை அதிகம் என்ற எண்ணத்தைக் கொடுக்கும். உங்கள் சரக்கு 90 ரூபாய்க்கு விற்பதென்றால், 400 இருக்கும் என்று நினைத்து எடுக்காமலே போகிறவர்களை இழப்பீர்கள். அப்படியானால் விலையை முன்பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்.

படி 8: ஏற்கெனவே விற்பவர்கள் எப்படி மாறுவது?

புதிதாகத் தொடங்குபவருக்கு இந்தத் தலைவலி இல்லை. பத்து வருடமாக அந்த நீளமுடிப் பெண் படத்தோடு விற்கிறவர் ஒரே நாளில் அவளை அழித்தால், எழுத்துப் படிக்காமல் படத்தைப் பார்த்து வாங்கும் வாடிக்கையாளர் "அந்த எண்ணெய் வரலையா?" என்று கேட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டு போவார். பழைய லேபிளில் ஜனங்கள் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கடைக்காரரிடமே கேளுங்கள். "பச்சை மூடி எண்ணெய்" என்று அவர் சொன்னால் பச்சை மூடியைத் தொடாதீர்கள், மற்றதையெல்லாம் நீக்குங்கள். பழைய படம் இருந்தே ஆக வேண்டுமென்றால் அதைக் கோட்டோவியமாகச் சுருக்கி மூடியின் மேல் வைக்கலாம்.

முதல் அச்சைக் குறைவாகப் போடுங்கள். ஒரு லேபிளுக்குச் சில காசு கூடப் போனாலும் பரவாயில்லை. முகவரி, விலை, சேர்மானம் என்று ஏதாவது ஒன்று மாறிக்கொண்டே இருக்கும், எம்ஆர்பியை ஏற்றி மேலே ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு விதியும் இடம் கொடுக்காது. விலை, பேட்ச், தேதி மூன்றுக்கும் லேபிளில் ஒரு வெற்றுக் கட்டம் விட்டு, பேக்கிங் செய்யும்போது கோடிங் மெஷினிலோ கை ஸ்டாம்ப்பிலோ அடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டத்துக்கு மட்டும் லேமினேஷன் வேண்டாம் என்று அச்சகத்தில் மறக்காமல் சொல்லிவிடுங்கள், வழவழப்பான மேற்பரப்பில் ஸ்டாம்ப் மை நிற்காது.